சிங்கம் எழும்பும்வரை

இத்தாலியில், பலெர்மோவில் நான் பராமரிக்கிற வயதான அம்மாவின், சிஞ்ஞோராவின், வரவேற்பறையில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. ஒரு திறந்த ஜீப், அதன் நிழலில் ஒரு பெண்சிங்கம். ஜீப்பின் பின் இருக்கையில், தொப்பிக்குக் கீழே, பல்வலி வந்தவளைப் போல ஒரு முகம். அது நான். பக்கத்து ஜீப்பிலிருந்து யாரோ எடுத்து அனுப்பிய படம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சிஞ்ஞோரா அதைக் காட்டி, "இவளையும் கூட்டிக்கொண்டு போனோம்" என்பார். வந்தவர்கள் என்னைப் பார்த்து, கொடுத்துவைத்தவள் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன்.

சிஞ்ஞோராவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. தனியாகக் குளிக்கவோ உடுக்கவோ முடியாது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவருடைய மகள் அவரைக் கடற்கரை வீட்டுக்கு அழைத்துப் போவாள். அந்த நாட்கள்தான் எனக்கு லீவு. அதை நம்பித்தான் என் மகளின் சாமத்தியச் சடங்கை ஆகஸ்டில் வைத்தோம். அவள் கிளிநொச்சியில் என் அக்காவோடு வளர்கிறாள். தகப்பன் பாரிசில் வேறு குடும்பமாகிவிட்டார், அவர் கதை இங்கே வேண்டாம். பிள்ளை பெரியவளானது பங்குனியில். தாயோ தகப்பனோ வெளிநாட்டில் இருந்தால், எங்கள் ஆட்கள் வீட்டோடு தண்ணீர் வார்த்துவிட்டு, மண்டபத்தில் செய்கிற பெரிய சடங்கை அவர்கள் வரும்வரை தள்ளிவைப்பார்கள். அக்காவும் எனக்காகத் தள்ளிவைத்தாள். நான் சேலை எடுத்து அனுப்பினேன். ஜடை நாகம் கையோடு கொண்டுபோகலாம் என்று வாங்கி வைத்திருந்தேன்.

ஜூனில் ஒரு ஞாயிறு மத்தியானம் சிஞ்ஞோராவின் மகள் சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னாள். சிஞ்ஞோராவும் காலஞ்சென்ற கணவரும் இளவயதில் கென்யாவுக்குப் போய்ச் சிங்கம் பார்த்தவர்களாம். சாகுமுன் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று அம்மா கேட்கிறாராம். "இந்த ஆகஸ்டில் போகிறோம். உனக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. பாவம், நீ ஒரு விடுமுறையைக் கண்டிருக்கிறாயா?"

நான் மகளின் சடங்கைப் பற்றிச் சொன்னேன். அது என்னவென்று கேட்டாள். விளங்கப்படுத்தினேன். "ஒரு ஃபெஸ்தா, கொண்டாட்டம் தானே, கொஞ்சம் பிந்தி வைக்கலாமே" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு அன்பு. கெட்ட மனிசி என்றால் சண்டை பிடிக்கலாம், இப்படி அன்பாக இருக்கிறவளோடு என்ன செய்வது? இங்கே தங்குவதற்கான அனுமதி, என் பெர்மெஸ்ஸோ, புதுப்பிப்பதற்காகப் பொலிஸ் தலைமையகத்தில், குவெஸ்தூராவில் கிடந்தது. அதற்கு வேண்டிய வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து அவளுடையது. "வா பேனே" என்றேன். சரி என்பதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அன்று பஸ் எடுக்காமல் ஒரேத்தோ தெருவில் இருக்கிற என் அறைவரை நடந்தேன். வழி நெடுகத் தமிழில் திட்டினேன். இந்த ஊரில் அதற்கும் சுதந்திரமில்லை, எதிரே வந்த நம்மவர் இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்காவுக்குப் போன் எடுத்தேன். "ஐயர் ஆவணியிலை அந்த ஒரு நாளைத்தான் தந்தவர். மண்டபத்துக்கும் சொல்லியாச்சு" என்றாள். "இனியும் பிள்ளையை வைச்சிருக்கேலாது."

"நான் வராட்டி என்னண்டு செய்யிறது?"

"வீடியோவிலை பார். இப்ப எல்லாரும் அப்பிடித்தானே பாக்கினம்."

இப்படித்தான் என் மகளின் சடங்கன்று விடிய நான் கென்யாவில் ஒரு ஜீப்பில் ஏறினேன். ஜீப் ஓட்டுகிறவர் நல்ல இத்தாலியன் பேசினார். முதல் நாளே அவரைத் தனியாகப் பிடித்து விஷயத்தைச் சொல்லியிருந்தேன். காட்டுக்குள்ளே ஒரு மேடு இருக்கிறது, அங்கே மட்டும் போன் எடுக்கும் என்றார். அவருக்கும் பெண் பிள்ளைகள் இருந்தார்கள். "முதலில் மேடு, பிறகு சிங்கம்" என்று வாக்குத் தந்தார். கிளிநொச்சியில் முகூர்த்தம் தொடங்குகிற நேரத்துக்கு அந்த மேட்டில் நிற்கலாம் என்று நம்பினேன்.

காட்டின் வாசலில் ஜீப்பை நிறுத்தி அவர் பதியப் போனார். நான் இறங்கினேன். எங்கள் வன்னியில் காட்டுக்குள் போகிற எவரும் வாசலிலேயே ஒரு குழை முறித்து மரத்தில் செருகிவிட்டுத்தான் போவார்கள். காட்டுக்குக் காவல் பிள்ளையார், அவரிடம் சொல்லாமல் உள்ளே போகக்கூடாது. அன்றைக்கு எனக்கு அவர் துணை மற்ற எந்த நாளையும் விட வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற மரம் முழுக்க முள். விரலைக் கிழித்துக்கொண்டு ஒரு சின்னக் குழையை முறித்து அடிமரத்தில் செருகி, "பிள்ளையாரே, ஒரு தடங்கலும் வராமல் பார்த்துக்கொள்" என்று கும்பிட்டேன்.

கண் திறந்தபோது காவலாளி முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார். அங்கே ஒரு இலையைக்கூடக் கிள்ளக்கூடாதாம். ஓட்டுநர் ஓடிவந்தார், மேலதிகாரியைக் கூப்பிட்டார்கள், எல்லோரும் அலுவலகத்துக்குள் போனோம். நான் ஞாபகத்துக்கு வைத்திருக்க முறித்தேன் என்று நினைத்துச் சிஞ்ஞோராவின் மகள் வெட்கத்தில் சிவந்து மன்னிப்புக் கேட்டாள். விட்டார்கள், ஆனால் வெயில் ஏறிவிட்டது. தடங்கல் தீர்க்கச் சொல்லிக் கும்பிடப் போய், தடங்கலை என் கையாலேயே முறித்துக்கொண்டு வந்தேன்.

உள்ளே போனதும், கிட்டடியில் சிங்கங்கள் நிற்பதாக ஓட்டுநரின் ரேடியோ சொன்னது. "முதலில் சிங்கம்!" என்றாள் சிஞ்ஞோராவின் மகள். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். காசு கொடுத்தவள் அவள். நான் தலை குனிந்தேன்.

நாலைந்து பெண்சிங்கங்களும் குட்டிகளும். ஜீப் நின்றதும் ஒன்று எழும்பி எங்களை நோக்கி வந்தது. எல்லோரும் மூச்சை அடக்கினோம். அது வந்து ஜீப்பின் நிழலில், சில்லோடு சாய்ந்து, எங்கள் தெருநாய் மாதிரிப் படுத்துவிட்டது. மற்றதுகளும் பின்னாலேயே வந்து படுத்தன. அதுகள் எழும்பும்வரை எஞ்சினைத் தொடக்கூடாது, ஒருவரும் இறங்கவும் கூடாது என்றார் ஓட்டுநர். சிஞ்ஞோரா சந்தோஷத்தில் என் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடவில்லை.

மேடு தெரிந்தது. நடந்தே போகக்கூடிய தூரம். மற்றக் கையில் போன், அதில் சிக்னல் ஒரு கோடும் இல்லை. இப்போது பாலும் அறுகும் வைத்திருப்பார்கள். இப்போது தலைக்குத் தண்ணீர் வார்த்திருப்பார்கள். இப்போது யாரோ அவளுக்குச் சேலை உடுத்துகிறார்கள், கொசுவம் சரியாக வந்ததோ தெரியாது. சிங்கம் குறட்டை விட்டது.

"இதை எழுப்புங்கள்!" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் வாயில் விரல் வைத்தார்கள். சிங்கம் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. நான் அழத் தொடங்கினேன். சிஞ்ஞோராவின் மகள் என் முதுகைத் தடவி, "பயப்படாதே, ஒன்றும் செய்யாது" என்றாள்.

"பயமில்லை. இப்போது அங்கே என் மகளுக்குச் சடங்கு நடக்கிறது."

"அடடா, அது இன்றைக்கா?" என்றாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள். அதற்குள் ஒரு குட்டி தாயின் மேல் ஏற, கமராவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

வெயில் சரிந்து ஜீப்பின் நிழல் விலகிய பிறகுதான் சிங்கம் எழும்பியது. ஓட்டுநர் ஒருவரையும் கேட்காமல் நேரே மேட்டுக்கு விட்டார். போன் நடுங்கியபடி ஒவ்வொன்றாக இறக்கியது. அக்காவின் அழைப்புகள், நான் எடுக்காதவை. பிறகு படங்கள். நான் அனுப்பிய சேலையில் மகள், என் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். பின்னலில் யாரோ இரவல் கொடுத்த ஜடை நாகம். கடைசியாக அவளுடைய குரல் வந்தது. போனைக் காதோடு ஒட்டிக் கேட்டேன்.

"அம்மா, எல்லாம் வடிவா முடிஞ்சுது. உங்களுக்கு எத்தினை தரம் எடுத்தது, நீங்கள் வரேல்லை. மாமி ஆக்கள் எல்லாரும் அம்மா எங்கை எண்டு கேட்டவை. அம்மா ஆபிரிக்காவிலை லீவிலை நிக்கிறா, சிங்கம் பாக்கப் போட்டா எண்டு சொன்னனான்."

அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.