இடது பக்கம் காட்டிய கார்

எனக்குக் கழுத்து திரும்பாது. இருபது வருடத்துக்கு மேல் மைன்ஸில் புல்டோசர் ஓட்டியதற்குக் கிடைத்த பரிசு. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பேன். எங்கள் பிளாக்கில் பலர் என்னை ரொம்ப மரியாதைக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது எனக்கு ஷிப்ட் ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை.

இப்படிப்பட்டவன் கார் வாங்கியதற்கு ஒரே காரணம் அதிலிருந்த கேமரா. இடது இண்டிகேட்டரைப் போட்டால் முன்னாலிருக்கும் திரையில் இடது பக்கச் சாலை தெரியும். வலது போட்டால் வலது. ஷோரூமில் அதைப் பார்த்த பிறகு நான் வேறு எதையுமே கேட்கவில்லை. என் மனைவி மேல்பட்டாம்பாக்கத்தில் டீச்சர். அதுவரை பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தவளை, மதியம் தொடங்கும் செகண்ட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு, தினமும் காலையில் நானே கொண்டுபோய் விட்டேன். வீட்டில் பேசாததையெல்லாம் அந்தக் காரில்தான் பேசினோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்குச் சந்தோஷமான காலம் அதுதான்.

ஒருநாள் வண்டியைக் கிளப்பும்போது திரையில் நீளமாக ஏதோ வந்தது. கீழே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பட்டன். அழுத்தினேன். எங்கள் பழக்கம் அப்படி. சேஃப்டி சர்க்குலர் வந்தால் வேலைக்கு இறங்குமுன் எல்லோரும் ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்று கையெழுத்துப் போடவேண்டும். வெளியே எங்களை ஏற்றிப்போக வந்த வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். பேனா கை மாறிக்கொண்டே போகும், காகிதத்தை ஒருவரும் பார்க்கமாட்டோம். காரில் பட்டனை அழுத்தியதும் அந்தக் கைதான்.

மறுநாள் இண்டிகேட்டர் போட்டபோது படம் வரவில்லை. சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, புது அப்டேட்டில் இந்த மாடலுக்கு அந்த வசதியைக் கம்பெனி நிறுத்திவிட்டது என்றாள். கேமரா ரிப்பேரா என்று கேட்டேன்.

“கேமரா நல்லாத்தான் சார் இருக்கு. படம் வராது, அவ்ளோதான்.”

குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

பக்கக் கண்ணாடியில் சின்னதாக இன்னொரு வட்டக் கண்ணாடியை ஒட்டி ஓட்டிப் பார்த்தேன். வடலூரில் இடது பக்கம் திரும்பும்போது ஒரு சைக்கிள்காரரை உரசிவிட்டேன். விழுந்தவர் எழுந்து, சைக்கிளை நிமிர்த்தி, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. பள்ளிக்கூடத்தில் இறங்கும்போது மனைவி, “நாளையிலேருந்து நான் பஸ்லயே போய்க்கிறேங்க,” என்றாள்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்ததும் அவள் சொல்லித்தான். விற்கும்போது காட்டி விற்றதைப் பிறகு பிடுங்கிக்கொள்ளக் கூடாது, பணம் வேண்டாம், கேமராவைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. எந்த வசதியையும் நிறுத்தத் தங்களுக்கு உரிமை உண்டு என்று புது விதிமுறையில் இருக்கிறதாம். அதை நான் ஒப்புக்கொண்டேனாம். அழுத்தியது அவர்களிடம் பதிவாகியிருக்கிறதாம். படித்தீர்களா சார் என்று வக்கீல் கேட்டார். இல்லை என்றேன். அழுத்தும்வரை திரை மேற்கொண்டு போக விடாது அல்லவா, அதை வைத்துப் பேசலாம் என்றார்.

வழக்கு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கடலூர் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். கோபம் வரும் என்று நானும் காத்திருக்கிறேன், வரமாட்டேன் என்கிறது. கழுத்து வலி முற்றியபோது முதலில் இரண்டு விரல் மரத்துப்போனது. கிள்ளினால் தெரியாது. இதுவும் அப்படித்தான் இருக்கிறது.

கார் குவார்ட்டர்ஸ் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. பக்கக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கேமராவை இப்போதும் தினமும் துடைக்கிறேன். அதற்கு எல்லாம் தெரிகிறது, எனக்குத்தான் காட்டுவதில்லை.

காலையில் மனைவியோடு பஸ் ஸ்டாப் வரை நடந்து போகிறேன். நேற்று பஸ் என்னைத் தாண்டிப் போனதும், அவள் உட்கார்ந்திருந்த ஜன்னலைப் பார்க்க உடம்பைத் திருப்பினேன். அதற்குள் பஸ் வளைவில் மறைந்துவிட்டது.

ராத்திரி நான் ஷிப்ட் முடிந்து வந்ததும், “கை காட்டினேனே, பாத்தீங்களா?” என்றாள்.

பார்த்தேன் என்றேன்.