தாய்மாமன் மடி

கொதிநீர் நிரப்பிய பித்தளைச் சொம்பைத் துணியால் பிடித்து, என் சமையற்கட்டு மேடையில் தன் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார் பட்டறைக்காரர். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி அது. திண்டுக்கல் ரயில் நிலையத்துக்குப் பின்னால், வீடில்லாதவர்களுக்காக ஓர் அறக்கட்டளை நடத்திய காப்பகத்தில் நான் சமையல்காரி. அவரோ பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்துக் கண் மங்கி, கவனிக்க ஆளில்லாமல் எங்களிடம் வந்து சேர்ந்தவர். வேலை நேரத்தில் மேடையை அடைத்துக்கொண்டு நின்றால் எனக்குக் கோபம் வரும். அன்று மட்டும் விரட்ட மனம் வரவில்லை. காப்பகத்துக் குழந்தை ஒன்றுக்கு அன்று காதுகுத்து. தாய்மாமன் வராவிட்டால் குழந்தையை அவர்தான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வார்டன் அம்மா சொல்லியிருந்தார்.

குழந்தையின் தாய் செம்பட்டிப் பெண். அண்ணன் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டவள். கட்டியவன் கைக்குழந்தையோடு விட்டுவிட்டுப் போனான். பிறந்த வீட்டுப் படியேற முகமில்லாமல் பஸ் ஸ்டாண்டில் கிடந்தவளை யாரோ எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே தேறித் தையலும் கற்றுக்கொண்டாள். காதுகுத்துப் பேச்சு வந்தபோதுதான் உடைந்து போனாள். எங்கள் பக்கம் மற்ற எது குறைந்தாலும் தாய்மாமன் மடி குறையக் கூடாது. "அண்ணே வரலேன்னா எம்புள்ளைக்கு நாதியில்லேன்னு ஆயிரும்க்கா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள்.

காப்பகம் என்றால் பாயும் சோறும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சோறு என் கையில் இருந்ததால் பாதிக் காப்பகம் நானே என்ற நினைப்பும் உண்டு. வார்டன் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்த பிறகுதான் மீதி விளங்கியது. காலைப் பூசை முடிந்த கையோடு, காப்பகத்தில் இருக்கும் யாராவது ஒருவருடைய சொந்த ஊருக்கு பஸ் ஏறிவிடுவார். உங்கள் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று யாரிடமும் கேட்டதில்லை. போவார், கொடுத்த காபியைக் குடிப்பார், சேதி சொல்லிவிட்டு வருவார். செம்பட்டி முக்கில் வாழைக்காய்க் கடை வைத்திருந்த அந்த அண்ணனிடமும் அப்படித்தான். ஒரு வாரம் குழந்தைக்குப் பல் முளைத்த சேதி, இன்னொரு வாரம் சுவரைப் பிடித்து நடந்த சேதி, கடைசியாகக் காதுகுத்துச் சேதி. அந்த மனிதர் தலை நிமிராமல் சீப்பு வெட்டிக்கொண்டிருப்பாராம். காபி மட்டும் தவறாமல் வருமாம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள், இவர் காபிமேல் காபி குடித்தே நகர்த்தப் பார்க்கிறார் என்று நான் கேலி செய்வேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "கூரைய நாம குடுத்துரலாம். தாய்மாமன நாம குடுக்க முடியாதுல்ல" என்பார்.

காதுகுத்த ஆசாரி வந்துவிட்டார். காப்பரிசியில் வெல்லம் கலந்து வைத்துவிட்டு நானும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஆசாரி இருமினார். ஆரம்பிக்கலாம் என்று தாய் தலையை ஆட்டினாள். பட்டறைக்காரர் தேய்த்த சட்டையோடு மணையில் உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். வலது காதைக் குத்தியதும் பிள்ளை கட்டடம் அதிர அலறியது. அந்த அலறலுக்கு நடுவில்தான், தோளில் ஒரு வாழைத்தாரும் கையில் சீர்த்தட்டுமாகச் செம்பட்டி அண்ணன் உள்ளே வந்தார். தாரை ஏற்ற எந்தக் கண்டக்டரும் சம்மதிக்கவில்லையாம். தாரை விட்டுவிட்டுச் சீருக்கு வர அவருக்கும் மனசில்லையாம், செம்பட்டியிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

பட்டறைக்காரர் பதறிப்போய்க் குழந்தையோடு எழப் பார்த்தார். பாதியில் மடி மாற்றலாமா என்று ஆசாரிக்கே தெரியவில்லை. அண்ணன் தங்கையைப் பார்த்தார், அந்தச் சட்டையையும் பார்த்தார். தாரை இறக்கி வைத்துவிட்டு, மணைக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"இருங்கண்ணே. ஒரு காது ஒங்க மடியில ஆச்சு. இன்னொண்ணு எம்மடியில ஆகட்டும்."

தங்கை அங்கேயே உட்கார்ந்து அழுதாள். வார்டன் அம்மாவும் அழுதார், நானும் அழுதேன். அவ்வளவு நிறைந்த மனசோடு நான் அதற்குமுன் யாருக்கும் காப்பரிசி அள்ளிக் கொடுத்ததில்லை.

காப்பகத்துக்கு இப்போது மாடி எழும்பிவிட்டது. சமையலுக்கு வேறு ஆள். அந்தத் தாய் செம்பட்டியில் அண்ணன் கடைக்குப் பக்கத்திலேயே தையல் கடை வைத்திருக்கிறாள். பட்டறைக்காரர் இருந்தவரை பொங்கலுக்குப் பொங்கல் அவள் வீட்டுக்குக் கரும்பு கொண்டுபோய்க் கொடுத்தார். காது குத்திக்கொண்ட அவள் பெண் பள்ளிக்கூடம் போகிறாள். உனக்கு எத்தனை தாய்மாமன் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் சொல்கிறாள்: "காதுக்கு ஒருத்தர்."