சீனியை ஏற்றாத சாரதி

சோதனைச் சாவடியில் பயணிகள் பையும் கையுமாக இறங்கி நடக்கிறார்கள். சாரதி நோபர்டும் இறங்கி நடக்கிறார். அவர் இறங்கத் தேவையில்லை, ஆசனத்திலேயே இருக்கலாம். ஆனால் ஆமிக்காரர்கள் பஸ்ஸைக் குடைந்து முடிப்பதற்குள் அவர் வரிசையின் தலைக்கும் வாலுக்குமாக வேகவேகமாக நடந்துகொண்டிருப்பார். ஒருநாள் ஒரு சிப்பாய் சந்தேகப்பட்டு மறித்தான். "சீனி வியாதி வராம இருக்கத்தான், மாத்தயா" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார் நோபர்ட். சிப்பாய் சிரித்துவிட்டான். இந்தச் சண்டைக் காலத்தில், அந்த இடத்தில், ஒருவனைச் சிரிக்க வைப்பது லேசான காரியமா?

வஹகோட்டையில் பிறந்து மாத்தளையில் பெண்ணெடுத்தவர். மாத்தளை–வவுனியா பஸ் ஓட்டுகிறார். தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் எனக்கு வேலை என்பதால் விடியற்காலையில் அலுவிகாரையில் ஏறி அவருக்குப் பின்னால் உட்காருவேன். கழுத்துக்குக் கீழே முழுக்க வயிறாக இருந்த மனிதர். வளைவில் முந்தும் வேன்காரனைக்கூடத் திட்ட மாட்டார். "போ ராசா, போ. ஆஸ்பத்திரியில ஒனக்காகத்தான் கட்டில் விரிச்சு வச்சிருக்காங்க" என்பார்.

போன வருடம் இரத்தம் சோதித்தார்கள். டொக்டர் சொன்னதை அவர் எங்களுக்குச் சொன்ன விதம் இது: "கொலஸ்ட்ரோல்ல நல்லது, கெட்டதுன்னு ரெண்டு இருக்காம். எனக்கு நல்லது கொறஞ்சு கெட்டது கூடிருச்சாம். அப்பிடிப் போனா சீனியும் பின்னாலயே வருமாம். இன்னும் ஏறல. பஸ் ஹோல்ட்ல கை காட்டிக்கிட்டு நிக்கிது. நான் நிப்பாட்டாமப் போயிரணும்."

அவருடைய அண்ணன் ரபாயேலும் சாரதிதான். சீனி வியாதியில் இரண்டு கண்ணும் போய் இப்போது வீட்டோடு இருக்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் நோபர்ட் பகிடி விடுவதில்லை.

காலைச் சாப்பாட்டுக்கு நாலந்தாவில் ரவூப் நானாவின் கடையில் பஸ் நிற்கும். புறப்பட்டு ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, அதற்குள் என்ன சாப்பாடு என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் வழக்கம் அப்படி. பஸ் நிறைய ஆளைக் கொண்டுவந்து இறக்கும் சாரதியிடம் கடையில் காசு வாங்குவதில்லை. பராட்டா, மாட்டிறைச்சிக் கறி, டின்பால் ஊற்றிய தேத்தண்ணீர் எல்லாம் கேளாமலே வரும். வருடக்கணக்காக வந்தது. அந்த வயிறு அங்கே வளர்ந்ததுதான்.

இரத்தச் சோதனைக்குப் பிறகு நோபர்ட் அந்தக் கடைக்குள் கால் வைக்கவில்லை. மனைவி அந்தோனியம்மா சீனிக்கு நல்லதென்று கட்டிக்கொடுத்த குரக்கன் ரொட்டியையும் வல்லாரைச் சம்பலையும் ஸ்டேரிங்குக்குப் பின்னால் இருந்தே சாப்பிட்டார். வயிறு சரியில்லை என்று முதலில் சமாளித்தார். எத்தனை நாளைக்குத்தான் ஒரே வயிறு சரியில்லாமல் இருக்கும்? கறிவாசம் பஸ்ஸுக்குள் வரும்போது அவர் ரொட்டியை மெல்லும் பிடிவாதத்தைப் பார்த்தால் எனக்குக் கும்பிடத் தோன்றும். என்னால் ஒரு வடையை விடமுடியாது.

கடைசியில் ஒருநாள் ரவூப் நானாவே பஸ்ஸடிக்கு வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"எத்தன வருஷம் எங்கட கடையில திண்டீங்க தம்பி. இப்ப கசக்கிதா? வேற கடையில நிப்பாட்டப் போறீங்கண்டா மொகத்துக்கு நேர சொல்லிருங்க."

நோபர்ட் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"வேற எங்கயும் போக மாட்டேன் நானா. எறங்குனா தின்னுருவேன், அதனாலதான் எறங்குறதில்ல. அண்ணன் மாதிரி எனக்கும் கண்ணு போச்சுன்னா, அப்பறம் பஸ்ஸ யாரு இங்க கொண்டாந்து நிப்பாட்டுறது?"

ரவூப் நானா சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிதிபலகையில் ஏறி, எஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்தார். கடைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு சீனி வந்து ரெண்டு வருஷம் தம்பி. குளிச குடிக்கிறன். கடையில ஒருத்தருக்கும் தெரியா. மொதலாளியே திங்காத சாப்பாட்ட யாரு வாங்குவாங்க?"

நோபர்ட் ரொட்டியை இரண்டாகப் பிய்த்தார். பெரிய துண்டில் சம்பலை வைத்து மடித்து, கடைப்பக்கம் தெரியாமல் தன் முதுகால் மறைத்துக்கொண்டு அவர் கையில் கொடுத்தார்.