சோதனைச்சாவடியில் சொல்லக்கூடாத நிறம்

2024 டிசம்பர் 18, புதன்கிழமை, முற்பகல் பதினொன்று பத்து. மழை இல்லை, ஜவ்வாது மலைமேல் எதிரில் வருபவர் முகம் தெரியாத பனிமூட்டம். அடிவாரம் இறங்கும் பேருந்து சோதனைச்சாவடியில் நின்றபோது, சென்னையில் சிற்பக்கலை படிக்கும் என் பேத்தி வாயைத் திறந்தாள்.

முதலில் நாற்காலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முழங்கால் அறுவைக்குப் பிறகு பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழ என்னால் முடிவதில்லை. கையை ஊன்றினால் அதன் கால்கள் பரப்பிக்கொள்ளும். இரண்டு முறை விழுந்தேன். மூன்றாவது முறை விழுந்தால் மறுபடியும் கத்திதான் என்றார் மருத்துவர். அதனால் மலைமேல் ஒரு தச்சரிடம் பதினெட்டரை அங்குல உயரத்தில், ஊன்றி எழ அகலமான கைகளோடு, பலாமர நாற்காலி ஒன்று செய்யச் சொன்னேன். விலை நாலாயிரத்து ஐந்நூறு. கைகளின் முனையில் இரண்டு மாட்டுத் தலைகளை அவராகவே செதுக்கியிருந்தார்.

பேத்திக்கு அது போதாதா? பேருந்தில் பெண்களுக்கு இலவசம்; எனக்கு ஒரு டிக்கெட், நாற்காலிக்கு ஒரு டிக்கெட், ஆக எண்பத்து நாலு ரூபாய் கொடுத்தேன். ஏறியதிலிருந்து அவள் அந்தத் தலைகளைத் தடவிக்கொண்டே வந்தாள். வண்டி நின்றதும் உரக்கச் சொன்னாள்:

"தாத்தா, இந்த வெளிச்சத்துல பாருங்களேன். அப்படியே சந்தனம்!"

சந்தனக் கடத்தலைப் பிடிக்கவே வைத்திருக்கும் இந்த மலைச் சோதனைச்சாவடியில் வேறு எந்த வார்த்தையையும் சொல்லலாம். வண்டியில் முப்பத்தொரு பேர் இருந்தோம், மற்றவர்கள் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். வனக்காவலர் ஏறி வந்தார்.

"இன்னாமா சொன்ன?"

"கலரச் சொன்னேன் சார். கையால செதுக்கினது. இதுக்கெல்லாம் வெலையே கெடையாது."

"வெலையே கெடையாதா? பெரியவரே, எறக்குங்க கீழ."

"வாசனைய வுட்டுட்டியேமா, அதையும் சொல்லிடு" என்றார் பின்னிருக்கையில் ஒருவர். வண்டியே சிரித்தது.

பலா என்று நான் சொன்னேன். "எல்லாரும் அப்டித்தாங்க சொல்றாங்க" என்றார் காவலர். பேருந்து போய்விட்டது. டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டதற்கு நடத்துநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காவலர் கத்தியால் இருக்கையின் பின்புறம் ஒரு சீவல் எடுத்து முகர்ந்தார். சந்தேகம் தீராமல் இன்னொரு காவலரிடம் நீட்டினார். "எனக்கு ஜலுப்புண்ணா, ஒண்ணுந் தெரியல" என்றார் அவர். ஆக அவர்களுக்கு மேலதிகாரியான வனவர் வந்து பார்க்கவேண்டும். அவர் வர இரண்டே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை உட்கார எனக்கு என்ன கொடுத்தார்கள்? பிளாஸ்டிக் நாற்காலி! என் நாற்காலியில் காவலர்கள் மாறிமாறி உட்கார்ந்தார்கள். நான் நின்றேன். பேத்தியோ உளி போன போக்கை அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அவர்களும் தேநீரை உறிஞ்சியபடி கேட்டார்கள். அந்தத் தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் அறுபத்தைந்து ரூபாய் கொடுத்தவன் நான்.

வனவர் வந்தார், நகத்தால் ஒரு கீறு கீறினார். "பலாடா இது! இதுகூடவா தெரில?" என்று காவலரை ஏசிவிட்டு, என்னிடம் தச்சரின் வீடு எங்கே என்று விசாரித்தார். அவர் வீட்டுக்கும் ஒன்று வேண்டுமாம்.

அடிவாரத்தில் எங்கள் ஊரான சந்தவாசல் வரை வாடகை டெம்போவுக்குத் தொள்ளாயிரம். வழியெல்லாம் பேத்தியைத் திட்டினேன்.

"மனசுக்குள்ள ரசிக்கத் தெரியாதா உனக்கு?"

"நல்லா இருந்தா சொல்லணும் தாத்தா. இல்லன்னா செஞ்சவருக்கு எப்படித் தெரியும்?"

"செஞ்சவர் பஸ்ஸுலயா இருந்தார்?"



சீவிய இடத்தை அடைக்க எங்கள் ஊர்த் தச்சருக்கு இருநூற்று ஐம்பது. அந்த வடுவும் அழகுதான், அப்படியே விடுங்கள் என்று சென்னை திரும்பிவிட்ட பேத்தி தொலைபேசியில் சொன்னாள். அடைக்கச் சொன்னேன். மாட்டுத் தலைகளைப் பிடித்து ஊன்றி எழுந்து பார்த்தேன், நாற்காலியின் கால்கள் அசையவில்லை. ஒரு வயோதிகன் விழாமல் எழுந்து நிற்க ஆன செலவு, ஐயாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.