பச்சை வரும் வரை

தென்காசியில் இருக்கும் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில், யார் என்ன நிரல் எழுதினாலும் அது நேராக வாடிக்கையாளரிடம் போய்விடாது. எழுதியதைப் பொது இடத்தில் சேர்த்ததும் கை படாமல் ஒரு வேலை வரிசை ஓடத் தொடங்கும். பைப்லைன் என்போம். முதலில் எல்லாருடைய நிரலையும் ஒன்றாகக் கட்டும். பிறகு நாங்கள் எழுதி வைத்திருக்கும் சோதனைகளை ஒவ்வொன்றாக நடத்தும். எல்லாம் தேறினால் திரையில் பச்சை. எங்கள் வாடிக்கையாளர்களான கடைக்காரர்கள் பயன்படுத்தும் சர்வருக்குப் புதிய பதிப்பு தானாகவே போய்ச் சேரும். ஒன்று தவறினாலும் சிவப்பு, அங்கேயே நின்றுவிடும். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய எனக்கு அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்கள்.

அதில் ஒரு சோதனை மட்டும் ஒருநாள் தேறும், ஒருநாள் தவறும். ஆர்டர் வந்ததும் கடைக்காரருக்குச் செய்தி அனுப்பி, கிடைத்தது என்ற பதில் திரும்பி வருகிறதா என்று பார்க்கும் சோதனை. அது சிவப்பானால் யாரும் பதறுவதில்லை.

"ரீ-ரன் குடுங்கக்கா. அதுக்கு இதே பொழப்பு," என்பாள் பக்கத்து இருக்கைக்காரி.

மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் பச்சை வந்துவிடும். டீ குடிக்கப் போவோம்.

மகள் தவழத் தொடங்கியிருந்த காலம் அது. பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள, கணவரின் அக்கா வாசுதேவநல்லூரிலிருந்து வந்து தங்கியிருந்தார். எனக்கு மதினி. கூப்பிட்டால் மகள் சில நேரம் திரும்புவதில்லை என்று முதலில் எனக்குத்தான் பட்டது. ஆனால் நான் கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். என் சந்தேகத்தை நானே நம்புவதில்லை. தயங்கித் தயங்கி மதினியிடம் சொன்னேன்.

அவர் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் தட்டினார். திரும்பவில்லை. ஓர் எட்டு முன்னால் வந்து மறுபடி தட்டினார். திரும்பினாள்.

"பாருட்டி, திரும்புதா. வெளையாட்டு மும்முரத்துல இருந்திருப்பா. ஆபீஸ்ல பண்ணுத டெஸ்ட்ட எல்லாம் பச்சப்பிள்ளகிட்ட பண்ணாத."

சிரித்துவிட்டேன். அதன் பிறகு எனக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் தட்டு வரும். அவள் திரும்பும்வரை தட்டுவோம். திரும்பியதும் தட்டு அலமாரிக்குப் போய்விடும்.

தூக்கி வைத்துக்கொண்டு பேசினால் மகள் என் தொண்டைமேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். "சங்கிலி மேலதான் கண்ணு. பொம்பளப் பிள்ளல்லா," என்பார் மதினி.

சாரல் விழுந்ததும் எல்லாரும் குற்றாலம் போனோம். மெயின் அருவியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கணவர் பக்கத்தில் நின்று சொன்னதுகூட எனக்குக் கேட்கவில்லை. கைக்குழந்தைகள் அம்மாக்களின் தோளில் முகம் புதைத்து அலறின. தண்ணீர் கூடுகிறது, விலகுங்கள் என்று போலீஸ்காரர் எங்களை ஒட்டி நின்று விசில் ஊதினார். என் மகள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தலை துவட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் அவளைப் பார்த்து, "பயமே இல்லயே ஒங்க பிள்ளைக்கு. இது போலீஸ்லதான் சேரும்," என்றாள். மதினிக்குப் பெருமை தாங்கவில்லை. நான் அந்தத் தூங்கும் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் அந்தச் சோதனை மறுபடி சிவப்பானது. ரீ-ரன் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. காரணத்தைத் தேடி உட்கார்ந்தேன். புதிதாகச் சேர்ந்த கடைகளுக்கு எங்கள் செய்தி போகவே இல்லை. அருகில் ஓடும் இன்னொரு சோதனைக்குப் பழைய கடையிலிருந்து வரும் பதிலைத் தன் பதில் என்று எடுத்துக்கொண்டு இது தேறிக்கொண்டிருந்தது. அந்தப் பதில் வரத் தாமதமான நாட்களில் மட்டும் சிவப்பு. செய்தி வரவில்லை என்று கடைக்காரர்கள் சொன்னபோது, உங்கள் பக்கம் சிக்னல் இருக்காது என்று நாங்கள் சமாதானம் சொல்லியிருந்தோம்.

"அப்ப பச்சதான் பொய்யாக்கா?" என்று பக்கத்து இருக்கைக்காரி கேட்டாள். நான் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

தட்டைக் கேட்டதும் மதினி, "மறுபடியுமா?" என்றார். நிழல் விழாமல், தரை அதிராமல், சன்னலுக்கு வெளியே நின்று தட்டச் சொன்னேன். தட்டினார். மகள் டப்பா மூடி ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். மதினி ஓங்கித் தட்டினார். தெருவில் நாய் குரைத்தது. மகள் மூடியைக் கீழே போட்டாள், எடுத்தாள், மறுபடி கடித்தாள்.

"இன்னொரு தடவ தட்டட்டா?" மதினியின் குரல் இறங்கியிருந்தது.

"வேண்டாம் மதினி."

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில், அவளைத் தூங்க வைத்துத் தலையில் கம்பிகள் ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை என்றார் மருத்துவர். கருவி, அறுவை சிகிச்சை, பேச்சுப் பயிற்சி என்று நிதானமாக வழிகளைச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் கேட்டது ஒன்றுதான்.

"இன்னொரு தடவை பாக்கலாமா டாக்டர்?"

"ரெண்டு தடவ பாத்தாச்சும்மா," என்றார்.

திரும்பும் பேருந்தில் கணவர் சன்னல் பக்கமே திரும்பியிருந்தார். மடியில் மகள் விழித்தாள். பழக்கத்தில், "எந்திரிச்சாச்சா" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டேன். இத்தனை மாதம் குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் சொன்ன கதையெல்லாம் எங்கே போனது என்று நினைத்தேன். அவள் கை மேலே வந்தது. விரலில் சங்கிலி பட்டது. அதை ஒதுக்கிவிட்டு, உள்ளங்கையை என் தொண்டைமேல் வைத்து, முகத்தைப் பார்த்தபடி, நான் பேசக் காத்திருந்தாள்.