அணைமேல் எரிந்த அடுப்பு

ஈரச் சிமெண்டின் வாசனை எங்கே கிளம்பினாலும் எனக்குப் பசிக்கிறது. சிரிக்காதீர்கள். அந்த வாசனைக்குள் விறகுப் புகை இருக்கிறது, கத்தரிக்காய்க் குழம்பு இருக்கிறது, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு என் மதினி நிற்கிறார். அண்ணன் மனைவி.

புதுக்கோட்டையில் எங்கள் குழாய்கள் காற்றை மட்டும் துப்பிய காலம். ஆற்றுத் தடுப்பணையை உயர்த்தினால் நகரத்துக்குத் தண்ணீர் கூடும் என்றார்கள். கூடும்தான். ஆனால் அணைக்குக் கீழே மதினியின் ஊர்க் கண்மாய் கிடந்தது. ஆறு அணையைத் தாண்டி வழிந்தால்தான் அதன் வாய்க்காலுக்குத் தண்ணீர். சுவர் உயர்ந்தபின் எப்போது வழிவது, எப்போது நாற்று விடுவது? பழைய மட்டத்தில் ஒரு மதகு விடுங்கள் என்று ஊர் கேட்டது. பிளானில் இல்லை என்று பதில் வந்தது.

கான்கிரீட் போடும் நாள் காலையில் அண்ணன் போன் செய்தார். “ஒம் மதினி அடுப்போட அணை மேல ஏறிட்டா. நீ சொன்னாக் கேப்பா, கூட்டிட்டு வா.”

போனேன். பழைய சுவரின் தலையில், புதிதாகக் கட்டிய கம்பிகளுக்கு நடுவே மூன்று கல் கூட்டி உலை கொதித்துக்கொண்டிருந்தது.

“வாங்க டவுன்காரரே. கொடத்தோட வந்தீங்களா?”

கூட இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் என் தூது முடிந்தது. விறகு பொறுக்கப் போனேன்.

எங்கள் பக்கம் எரிகிற அடுப்பை யாரும் காலால் தட்டமாட்டார்கள், தண்ணீர் ஊற்றி அணைக்கமாட்டார்கள். அது அடுத்தவர் சோற்றில் மண்ணள்ளிப் போடுவது. மேஸ்திரியும் இந்தப் பக்கத்து ஆள்தான். “ஆத்தா, லாரி நிக்குது, கலவை இறுகிரும்” என்று கெஞ்சினார்.

“சோறு வேகட்டும்ப்பா.”

சோறு இறங்கியது, குழம்பு ஏறியது. குழம்பு இறங்கியது, ரசம் ஏறியது.

“இன்னும் என்ன ஆத்தா?”

“ஏன், ஒங்களுக்குப் பாயாசம் வேணாமா?”

வேலையாட்களுக்கெல்லாம் இலை விழுந்தது. மத்தியானம் இன்ஜினியர் ஜீப்பில் வந்தார்.

“டவுனே தவிக்குதும்மா. மறிக்கலாமா?”

“ஒசத்துங்க சார், யாரு வேணாம்னா? எங்களுக்கு ஒரு வழி விட்டுட்டு ஒசத்துங்க.”

“பிளான்ல இல்லம்மா.”

“பிளான்ல எங்க கண்மாய் இருக்கா?”

அவர் அணையிலிருந்து இறங்கி, காய்ந்த வாய்க்காலோடு கொஞ்ச தூரம் நடந்தார். யாருடனோ போனில் நெடுநேரம் வாதாடினார். திரும்பி வந்து, மதகுக்கு இடம் விட்டுப் பலகை அடிக்கச் சொன்னார். பலகை அடித்து முடித்த பிறகே மதினி விறகை வெளியே இழுத்தார்.

இந்தக் கோடையில் எங்கள் தெரு கூடிப் பேசியது. அந்த மதகை அடைத்தால் நமக்கு இன்னும் கிடைக்குமே என்றது. முடியாது என்றேன், ஒற்றை ஆளாக. உன் வீட்டுக் குழாயும் வறண்டுதானே கிடக்கிறது என்றார்கள். கிடக்கட்டும்.

மதினி இப்போது இல்லை. கடைசியாக வைத்தியத்துக்கு வந்து என் வீட்டில் தங்கியிருந்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார். பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

“நீங்க குடிக்கிறது எங்க ஆத்துத் தண்ணி, கொழுந்தனாரே. விருந்தாளி மாதிரி வயிறு நெறையக் குடிங்க. மொதலாளி மாதிரி அதட்டாதீங்க.”