கெர்சோம் என்று பெயர் வைக்க நினைத்தேன்

மலேசியாவில், மலாக்கா பக்கம் சுங்கை ஊடாங்கில் நான் வேலை பார்க்கும் ஆலையின் வாசலில் ஒரு காவலர் இருக்கிறார். மலாய்க்காரர், என்னைவிட வயதில் பெரியவர். எட்டு வருடங்களுக்கு முன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் அட்டையை வாங்கிப் பார்த்தார். யோசேப்பு என்ற பெயரை வாய்க்குள் ஒருமுறை உருட்டிவிட்டு, "யூசோப் லா" என்று முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து நான் 'பாங் யூசோப்', அதாவது யூசோப் அண்ணன். பிறகு நோன்பு மாதம் வந்தது. ஒரு மத்தியானம் வாசலோரமாக நின்று வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் பதறி ஓடிவந்து, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தாக் புவாசா கெ?" என்று தணிந்த குரலில் கேட்டார். நோன்பு இல்லையா என்று கேட்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. பாவம், பசி போலிருக்கிறது என்று நினைத்து பழத்தில் பாதியைப் பிட்டு அவரிடம் நீட்டினேன். அந்த மனிதருடைய முகம் போன போக்கை என்னவென்று சொல்வது. நான் கிறிஸ்தவன் என்று அவருக்குப் புரியவைக்க இன்னொருவர் வரவேண்டியிருந்தது.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் பெயர்தான் முதலில் வீட்டுக்குள் நுழைகிறது, ஆள் பிறகுதான். பெயரைக் கேட்டதும் இவன் என்ன இனம், என்ன மதம், எந்தக் கடையில் சாப்பிடுவான், எந்த நாளில் லீவு கேட்பான் என்று எதிரில் இருப்பவர் கணக்குப் போட்டுவிடுகிறார். இது தெரிந்திருந்தும் என் மகனுக்குப் பெயர் வைக்கும்போது நான் சறுக்கினேன். சறுக்கினேனா, சரியாகத்தான் நடந்தேனா என்பதும் இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.

எங்கள் வீடு தெற்கே, நம் நாசரேத் பக்கத்தில் ஒரு கிராமத்தில். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், சபையிலும் பெரிய ஆள். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது என்றால் காதுக்கு இனிமையாக ஏதோ ஒன்றைத் தேடிப் பிடிப்பதில்லை. பெற்றவர்களுக்கு அந்த வருடம் என்ன நடந்ததோ அதைச் சாட்சியாகச் சொல்லும் பெயரை வேதத்தில் தேடி எடுப்பார்கள். அப்பாவுக்கு டைபாய்டு வந்து பிழைத்த வருடம் அண்ணன் பிறந்தான், எபெனேசர் என்று வைத்தார். இம்மட்டும் ஆண்டவர் உதவினார் என்று அர்த்தம். தம்பியைப் பெறும்போது அம்மா மூன்று நாள் துடித்தாள், அவன் யாபேஸ் ஆனான். வேதனையோடு பெற்ற பிள்ளை என்று பொருள். அந்த வேதனைக்கும் தம்பிக்கும் என்ன சம்பந்தம், அவன் பாட்டுக்கு கிரிக்கெட் ஆடிக்கொண்டு சந்தோஷமாக இருந்தான். ஆனாலும் அம்மா பட்டதை அவன்தான் சுமந்தான். எங்கள் வீட்டில் யாருக்கும் இது விநோதமாகத் தெரிந்ததில்லை.

மலாக்காவுக்கு வந்த புதிதில் தங்கா பத்துவில் நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்தேன். நடந்தால் கடல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அங்கே உட்கார்ந்து எதிரே போகும் கப்பல்களைப் பார்ப்பேன். மொழி தெரியாது, பேருந்து தெரியாது, கடையில் தேநீர் கேட்டால் எதையோ ஐஸ் போட்டுக் கொடுத்தார்கள். அந்த நாட்களில்தான் மோசேயின் மகன் பெயர் நினைவுக்கு வந்தது. ஊரைவிட்டு ஓடிப்போய், வேற்று நாட்டில் பெண் கட்டி, பிள்ளை பிறந்ததும் மோசே வைத்த பெயர் கெர்சோம். அந்நிய நாட்டில் நான் அந்நியனாக இருக்கிறேன் என்பது அதன் பொருள். எனக்கு மகன் பிறந்தால் இதுதான் பெயர் என்று அந்த மணலிலேயே தீர்மானித்தேன். அப்பாவிடம் போனில் சொன்னபோது அவருக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. "ஏல, நல்ல சாட்சியுள்ள பேருல. ஆண்டவர்கிட்ட இப்பவே சொல்லி வச்சிரு" என்றார். நானும் சொல்லி வைத்தேன்.

பெண் கட்டியதும் மோசே மாதிரியே வேற்று நாட்டில்தான். கோகிலாவின் வீடு டுரியான் துங்காலில். ரப்பர் தோட்டத்தில் மூன்று தலைமுறை இருந்துவிட்டு, தோட்டம் கைமாறியபின் தாமான் என்கிற குடியிருப்பில் வரிசை வீடு வாங்கிக் குடியேறிய குடும்பம். கோயிலுக்கும் போவார்கள், என்னோடு தேவாலயத்துக்கும் வந்து உட்காருவார்கள். கல்யாணத்துக்கு முன்பே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். பெண் பிறந்தால் அவர்கள் வழக்கப்படி நட்சத்திரம் பார்த்துப் பெயர், ஆண் பிறந்தால் என் வேதப்பெயர். ஆண்தான் பிறந்தது. மருத்துவமனையிலேயே கோகிலாவின் காதில் சொன்னேன். "கெர்சோமா? ஸ்டைலா இருக்குலா" என்றாள். அர்த்தம் கேட்கவில்லை. மோசேயின் மகன் பெயர் என்று மட்டும் சொன்னேன். அவள் வேலை செய்யும் பல் கிளினிக்கில் எல்லோருக்கும் அன்றே செய்தி போய்விட்டது.

அர்த்தம் கேட்டவர் மாமா. கோகிலாவின் அப்பா. மாமி இறந்தபிறகு எங்களோடுதான் இருக்கிறார். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர், பிறகு ஒரு டைல்ஸ் கடையில் லாரிக்குச் சுமை ஏற்றியவர். அதிகம் பேசமாட்டார். பிள்ளை பிறந்து மூன்றாவது வாரம், காலையில் பேரனை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் வெயில் காட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ள, கோயில்ல எல்லாம் பேருக்கு என்ன அர்த்தம்னு கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிரசங்கம் போலவே ஆரம்பித்தேன். மோசே யார், ஏன் ஓடினார் என்றெல்லாம் சொல்லி, "அந்நிய நாட்டுல நான் அந்நியனா இருக்கேன்னு அர்த்தம் மாமா" என்று முடித்தேன்.

"யாரு அன்னியன்?"

"நான்தான் மாமா."

அவர் பேரனைப் பார்த்தார். "பேரு புள்ளைக்குலா வைக்கிறீங்க" என்றார்.

பெயர் பெற்றவர்களுடைய சாட்சி என்று விளக்கப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டார், தலையைக்கூட ஆட்டினார். பிறகு பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாசாருக்கு, சந்தைக்கு, போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. பெயர் பிடிக்காமல் போவது எந்த வீட்டிலும் நடப்பதுதானே, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன். இந்த இடத்தில் என் புத்தியை எதால் அடிப்பது என்று தெரியவில்லை.

சாயங்காலம் கோகிலா என்னை அடுப்படியில் பிடித்தாள். அப்படியொரு கோபத்தில் அவளை நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"அப்பா சிவப்பு ஐசி வச்சிருந்தாரு, தெரியுமில்ல?"

தெரியும். குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை அது. கல்யாணத்தின்போதே சொல்லியிருந்தார்கள். எனக்கு அது ஒரு தகவலாகத்தான் இருந்தது.

"அவரு பொறந்தப்போ தாத்தா பதியல. ஒரு நாள் மரம் வெட்டப் போகாட்டி சம்பளம் போயிரும்னு நாளைக்கு நாளைக்குன்னே விட்டுட்டாரு. அவ்வளவுதான். இந்தத் தோட்டத்துல பொறந்தவரு, இந்த ஊரத் தாண்டிப் போனதில்ல. அம்பத்தஞ்சு வயசு வரைக்கும் வெளிநாட்டுக்காரருலா. எந்த ஆபீஸ் கவுண்டருக்குப் போனாலும் எப்ப வந்தேன்னுதான் கேப்பாங்க. பொறந்தன்னிக்கு வந்தேன்னு சொல்வாரு. அவரு மடியில புள்ளைய வச்சுக்கிட்டு அன்னியன்னு கூப்பிடச் சொல்றீங்க."

"நான் என்னைத்தானே சொன்னேன்" என்றேன். எவ்வளவு அசட்டுப் பதில்.

"நீங்க அன்னியன்னா இருங்க, நான் என்ன செய்ய. ஆனா இது எனக்கு அன்னிய நாடு இல்லைங்க. அவனுக்கும் இல்ல."

அடுத்த சில வாரங்கள் நான் நானாக இல்லை. இங்கே இரண்டு மாதத்துக்குள் பிள்ளையைப் பெயரோடு பதிந்தாக வேண்டும். நம் ஊரில் ஞானஸ்நானம் வரை பாப்பா, தம்பி என்று ஓட்டிவிடலாம், அந்த வசதி இங்கே இல்லை. மாமா என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேரனை மட்டும் எந்தப் பெயரும் சொல்லாமல் "ஐயா" என்று கூப்பிட்டார். அது எனக்கு உறுத்தியது. இன்னொரு பக்கம், என் சாட்சி பொய்யா என்ற கேள்வியும் விடவில்லை. தங்கா பத்து மணலில் நான் அழுதது நிஜம்தானே. பிறகு அதுவும் குழம்பியது. போன தடவை ஊருக்குப் போனபோது பஜாரில் என்னை மலேசியாக்காரன் என்றார்கள். நான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் லா போடுவதாகத் தம்பி நக்கலடித்தான். அப்படியானால் நான் எங்கே அந்நியன்? எனக்கே உறுதியில்லாத ஒன்றை ஒரு பச்சைப்பிள்ளையின் நெற்றியில் எழுதப் பார்த்திருக்கிறேன்.

கோகிலாதான் ஒருநாள் பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டே கேட்டாள். "உங்க வேதத்துல, இங்கதான் இருக்கேன்னு சொல்ற பேரு ஒண்ணுகூடவா இல்ல?"

தேடினேன். ஈசாக்கு தோண்டிய கிணறுகளின் கதையில் நின்றேன். முதல் கிணற்றுக்குச் சண்டை, இரண்டாவதுக்கும் சண்டை. மூன்றாவதைத் தோண்டியபோது யாரும் வந்து எங்களுடையது என்று சொல்லவில்லை. இனி நமக்கு இடம் உண்டு என்று சொல்லி ஈசாக்கு அதற்கு ரெகொபோத் என்று பெயர் வைத்தான். அது என் சாட்சியே இல்லை, முழுக்க மாமாவுடைய சாட்சி. அவரிடம் போய்ச் சொன்னேன். கதையை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். "மூணாவது கெணத்துக்கு யாரும் வரலயா?" என்று உறுதி செய்துகொண்டார். பிறகு உள்ளே போய், பதிவு அலுவலகத்துக்குப் போட்டுக்கொள்ள ஒரு சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார்.

அப்பாவிடம் சொன்னது வேறு கதை. "ஏல, அது வீட்டுக்கு வைக்கிற பேருல்லா? இங்க ஒருத்தன் செங்கச்சூளைக்கு வச்சிருக்கான். மனுசப்பிள்ளைக்கு எவன்ல கெணத்துப் பேரு வைப்பான்?" என்றார். சிவப்பு அட்டையைப் பற்றிச் சொன்னேன். "அவுக சங்கடம் எனக்கு வெளங்குது. ஆனா நீ ஆண்டவர்கிட்ட சொன்ன பேரு ஒண்ணு இருக்கு. நான் அதைச் சொல்லித்தான் ஜெபிக்கேன், அப்படியேதான் கூப்பிடுவேன்" என்றார். அவரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதிவு அலுவலகத்தில் ஒரு மலாய்ப் பெண் எல்லாவற்றையும் தட்டிவிட்டு, சரிபார்க்கச் சொல்லித் தாளை நீட்டினாள். என் வரிசையில் குடிமகன் அல்ல என்று இருந்தது. பிள்ளையின் வரிசையில் 'வார்காநெகாரா', குடிமகன். இனம் என்ற இடத்தில் எனக்கும் கோகிலாவுக்கும் ஒன்றுபோலவே இந்தியர். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேரனுடைய வரிசையில் விரலை வைத்தார். அதை அந்தப் பெண்ணே ஒருமுறை வாசிக்க வேண்டும் என்று மலாயில் கேட்டார். அவளுக்கு ஏன் என்று புரியவில்லை, எழுத்து ஏதோ தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கும் குரலில் வாசித்தாள். மாமா இன்னொரு முறை கேட்டார். மறுபடியும் வாசித்தாள். என் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

பிள்ளைக்கு ஒரு வயது நிறைவதற்குள் ஊருக்குக் கூட்டிப்போனோம். மாமாவும் வந்தார். குடிமகனுக்கான நீல அட்டை கிடைத்து எத்தனையோ வருடமாகியும் அவர் பாஸ்போர்ட் எடுத்தது இப்போதுதான். அறுபத்தெட்டு வயதில் முதல் விமானம். திருச்சி விமான நிலையத்தில் குடிநுழைவுக்கு இரண்டு வரிசை. இந்தியர்கள் ஒரு பக்கம், வெளிநாட்டவர் மறுபக்கம். நான் அவர்களோடு நிற்கப் போனேன், ஓர் அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போகச் சொன்னார். கோகிலா பைகளோடு நகர்ந்தாள். மாமா பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு, வெளிநாட்டவர் என்ற பலகைக்கு நேர் கீழே போய் நின்றார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அங்கே நின்றபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். பின்னால் நின்ற யாரோ தமிழில், "ஐயா, நம்ம ஆளுங்க வரிசை அந்தப் பக்கம்" என்று உதவி செய்தார்கள்.

"இல்லலா. நான் இந்த ஊரு இல்ல. மலேசியா" என்றார் மாமா. சத்தமாகவே சொன்னார். பிறகு பேரனைக் காட்டி, "இவனும்தான். இவன் பேரு ரெகொபோத்" என்றார்.

எனக்கு முத்திரை குத்தி முதலில் விட்டுவிட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றுகொண்டிருந்தார், நாசரேத்திலிருந்து விடியற்காலையிலேயே வேன் பிடித்து வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் உதட்டை அசைத்து, கெர்சோம் எங்கல என்று கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். வெளிநாட்டவர் வரிசை மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. மாமாவின் தோளில் இருந்து என் மகன் என்னைப் பார்த்துக் கையை நீட்டி அழ ஆரம்பித்தான். அந்நியன் என்ற அந்தப் பெயர் இந்த ஊரில் அவனுக்குப் பொருந்திப்போகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவனை எந்தப் பெயர் சொல்லிச் சமாதானப்படுத்துவது என்று தெரியாமல், அப்பாவும் மாமாவும் பார்த்துக்கொண்டிருக்க, வெறுமனே கையை மட்டும் ஆட்டினேன்.